கடல் தாண்டிப் போன தடை

என்னை வழியனுப்பிய நாளில், கேக் வெட்டி முடித்துக் கைகழுவப் போகும்போது உங்களில் ஒருவர் என்னை நிறுத்திக் கேட்டீர்கள். "மேடம், இன்டர்நெட் அந்தந்த நாட்டு கவர்மென்ட் கையில இருக்கணுமா, உலகத்துக்குப் பொதுவா இருக்கணுமா? நீங்க எந்தப் பக்கம்?" பயிற்சி வகுப்பில் இதைப் பற்றிப் பெரிய விவாதமாம். சட்டையைப் பிடிக்காத குறையாகப் போய் முடிந்ததாம்.

கிரீம் ஒட்டிய கையோடு பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை அது. சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் அது என்னை விடவில்லை. நெட்வொர்க் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் எல்லாருக்குமாக எழுதுகிறேன். ரூட்டரை எப்படி அமைப்பது என்று இதில் ஒரு வரிகூட இருக்காது. அதை என்னைவிட நீங்கள் நன்றாகச் செய்கிறீர்கள்.

தனியாரும் இன்டர்நெட் விற்கலாம் என்று அரசு அனுமதித்த புதிதில், கேபிள் டி.வி. நடத்திக்கொண்டிருந்த நம் எம்.டி. திருப்பதியில் இந்தக் கம்பெனியைத் தொடங்கினார். பயிற்சி நிலையம் ஒன்றில் கம்ப்யூட்டர் பாடம் நடத்திக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார். நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள் நான். கிணற்று மோட்டாருக்கு மேல் எந்த இயந்திரத்தையும் வீட்டில் யாரும் தொட்டதில்லை. அந்த நாளில் எங்கள் எல்லாருக்கும் நாடு, எல்லை என்பதெல்லாம் இந்தத் தொழிலில் இல்லவே இல்லை என்ற மயக்கம் இருந்தது.

மயக்கத்தை முதலில் தெளிவித்தது ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலை. தொழிற்சாலை சித்தூரில், அவர்களுடைய பரிசோதனைக்கூடம் திருப்பதியில். சித்தூரில் வேறொரு கம்பெனியின் இணைப்பு, திருப்பதியில் நம்முடையது. ஒருநாள் சிங்கப்பூர் போகும் கேபிளில் கோளாறு. உடனே அந்த இரண்டு ஊருக்கும் நடுவே மெயில் நின்றுபோனது. தேடிப் பார்த்தால், சித்தூரிலிருந்து கிளம்பும் மெயில் சென்னை போய், சிங்கப்பூர் போய், மறுபடி சென்னை வந்து, அதன் பிறகுதான் திருப்பதி வந்துகொண்டிருந்தது. இரண்டு கம்பெனிகளுக்கும் நடுவே உள்நாட்டில் இணைப்பே இல்லை.

நடுவில் இருப்பது பாகாலா என்ற சின்ன ஊர் மட்டும்தான். எம்.டி. தலையில் கைவைத்துக்கொண்டார். "பாகாலாவைத் தாண்டுறதுக்குப் பாஸ்போர்ட்டு கேக்கறாங்களா இன்னா?"

பிறகு சென்னையில் உள்நாட்டு இணைப்பகம் ஒன்று வந்தது. போட்டிக் கம்பெனிக்காரரும் நாங்களும் அங்கே போய் எங்கள் கம்பிகளை ஒன்றோடொன்று இணைத்துக்கொண்டோம். அன்று நான் வெளிப்படையாகவே நாட்டுப் பக்கம். நம் வீட்டுப் பேச்சு நம் வீட்டுக்குள் நடக்க வேண்டாமா என்று வாதாடியவள். அந்தக் கருத்தை இன்றும் நான் விட்டுவிடவில்லை. ஆனால் அது பாதிக் கதைதான்.

மீதிப் பாதி இது.

என் மகள் ரேவதி நர்ஸிங் முடித்து வளைகுடா நாடு ஒன்றில் வேலைக்குப் போயிருந்தாள். நான் பயந்த சுபாவக்காரி. பள்ளிக்கூடத்தில் அவளை ஹார்ஸ்லி மலைக்குச் சுற்றுலா அழைத்துப் போனபோதே பஸ் திரும்பும்வரை சோறு இறங்காதவள். அவளைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டு எப்படி இருந்திருப்பேன் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

அவள் இருந்த ஊரில் ஒருநாள் மழை கொட்டித் தீர்த்தது. வறண்ட ஊர், தண்ணீர் போக வழியே கிடையாது. தெருவெல்லாம் ஆறாக ஓடியது. செல்போன் கோபுரங்கள் விழுந்துவிட்டன, தரைவழிப் போனும் செத்துவிட்டது. இன்டர்நெட் வழியாகப் பேசுவதை அந்த நாடு தன் எல்லைக்குள் முன்பே தடை செய்திருந்தது. மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று: அங்கிருக்கும் நம் ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்திய ஒரு இணையப் பலகை. தெலுங்கும் தமிழும் கலந்து, இணைப்பு கிடைத்தவர்கள் அதில் எழுதினார்கள். நான் நன்றாக இருக்கிறேன், என் அறையில் இருப்பவர்களும் நன்றாக இருக்கிறார்கள், ஊரில் சொல்லிவிடுங்கள் என்று. இங்கே சித்தூர், புத்தலப்பட்டு, நகரி என்று எல்லா ஊர் பிரவுசிங் சென்டரிலும் கூட்டம். பெரும்பாலான சென்டர்களுக்கு இணைப்பு கொடுத்தது நாம்தான்.

முதல்நாள் மாலைவரை ரேவதி எழுதவில்லை. அவள் விடுதியில் இருந்த ஒரு பெண் மட்டும், டியூட்டிக்குப் போன பிள்ளைகள் இன்னும் திரும்பவில்லை, ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறுகிறது என்று எழுதியிருந்தாள்.

மறுநாள் காலை ஆபீசுக்கு வந்ததும் பலகையைத் திறந்தேன். திறக்கவில்லை.

இருந்த ஒரே இணைப்பும் வெள்ளத்தில் போய்விட்டதோ என்று திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தேன். அப்போதுதான் எங்கள் பிரிவில் இருந்த வேணு மெதுவாக வந்து நின்றான். "மேடம், அது வெள்ளத்தால இல்ல. நாமதான் அடைச்சிருக்கோம்."

நடந்தது இதுதான். வேறொரு வெளிநாட்டுத் தளத்தில் யாரோ ஒரு பொய்ப்படத்தைப் போட்டு, நம் மாநிலத்திலேயே இரண்டு சமூகத்தாருக்கு நடுவே சண்டை மூட்டிவிடப் பார்த்திருந்தார்கள். வேணு எடுத்து வைத்திருந்த நகலை நானும் பார்த்தேன், அடைக்க வேண்டியதுதான். அதை உடனே அடைக்கும்படி டில்லியிலிருந்து உத்தரவு வந்திருந்தது. அந்தத் தளமும் நம் ஊர்க்காரர்களின் பலகையும் எங்கோ ஒரே மலிவான சர்வரில், ஒரே முகவரியில் குடியிருந்தன. பக்கத்தின் பெயரைச் சொல்லி அடைப்பதைவிட முகவரியை மொத்தமாக அடைப்பது நம் கருவிக்குச் சுலபம். அப்படித்தான் எப்போதும் செய்துகொண்டிருந்தோம். அன்றும் அப்படியே செய்திருந்தார்கள்.

வரவேற்பறையில் ஆட்கள் சேர ஆரம்பித்திருந்தார்கள். புத்தலப்பட்டிலிருந்து முனிரத்தினம் என்று ஒருவர் வந்திருந்தார். அவருடைய மனைவி அங்கே ஒரு வீட்டில் சமையல் வேலை செய்கிறாராம். ஊர்ச் சென்டர்காரன், திருப்பதி ஆபீசில் போய்க் கேள் என்று அனுப்பிவிட்டிருக்கிறான்.

"நேத்து தெரிஞ்சினு இருந்ததை இன்னிக்கு ஏன் மேடம் மூடினீங்க?" என்றார். "எவனோ எதையோ எழுதினான்னா அவனைப் புடிங்க. எங்க ஊட்டுப் பொம்பள சோறாக்கிப் போடப் போச்சு. அது இன்னா எழுதிடப் போவுது?"

"கொஞ்சம் இருங்க. பாத்துக்கினு இருக்கோம்."

"உங்களுக்கென்னா மேடம், ஏ.சி.யில குந்திக்கினு பாப்பீங்க. நாங்க வெளிய நின்னுக்கினு பாக்கறோம்."

எனக்கும் ஒரு மகள் அங்கே இருக்கிறாள் என்று அவரிடம் சொல்ல வாய்வரை வந்தது. உள்ளே திரும்பினேன்.

உள்ளே வந்ததும் வேணு குரலைத் தாழ்த்தினான். "மேடம், உங்க சிஸ்டத்துக்கு மட்டும் வேற வழியில ஓப்பன் பண்ணிக் கொடுக்கறேன். யாருக்கும் தெரியாது. பாப்பா எழுதிருக்குதான்னு பாத்துடுங்க."

வேண்டாம் என்றேன். பெரிய நியாயவாதி என்று என்னை நினைத்துக்கொள்ளாதீர்கள். பார்த்து, அவள் நலம் என்று தெரிந்துவிட்டால் என் அவசரம் போய்விடும் என்று பயந்தேன். எம்.டி.யிடம் மதியத்துக்கு மேல் நிதானமாகப் பேசலாம் என்று உட்கார்ந்துவிடுவேன். வரவேற்பறையில் இருந்தவர்களோடு என் வயிறும் எரிந்துகொண்டிருந்தால்தான் வேலை நடக்கும். அதிகாரம் கையில் இருக்கும்போது தனக்கென்று ஒரு சின்னக் கதவைத் திறந்துகொண்டவர்கள் பெரிய கதவை மறந்துவிடுவார்கள்.

அந்த நேரத்தில் என் மேசையில் இருந்த பழைய போன் அடித்தது.

அந்த எண் நம் வாடிக்கையாளர்களுக்குத் தெரியாது. உலகத்தில் இன்டர்நெட் முகவரிகள் வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும், 'எங்களால் கோளாறு என்றால் இங்கே கூப்பிடுங்கள்' என்று ஒரு எண்ணைப் பொதுப் பதிவில் கொடுத்து வைக்கும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் நாடு பார்க்காமல் தங்களுக்குள் வைத்துக்கொண்ட வழக்கம் அது. பல நிறுவனங்கள் என்றைக்கோ வேலையை விட்டுப் போனவரின் எண்ணைக் கொடுத்துவிட்டு மறந்துவிடும். நம்முடையது உயிரோடு இருந்தது.

கூப்பிட்டவர் ஆங்கிலத்தில்தான் ஆரம்பித்தார். என் ஆங்கிலத்தைக் கேட்டதும் மாறினார். "தமிழா சேச்சி? ஞான் திருச்சூர். தமிழ் கொறச்சு அறியாம்." ரேவதி இருக்கும் நாட்டில், அங்கே இணைப்பு கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் எஞ்சினியர் அவர்; அவர்கள் ஆபீசில் மட்டும் ஒரு சாட்டிலைட் போன் வேலை செய்ததாம். "சேச்சி, ஒரு அட்ரஸ் உங்ககிட்ட இருக்குன்னு நீங்க உலகம் முழுக்கச் சொல்லிட்டிருக்கீங்க. எங்க ரூட்டரெல்லாம் அதை நம்பி டிராஃபிக்கை அங்க அனுப்புது. அது உங்க அட்ரஸ் இல்லல்லோ?"

அவர் சொன்ன முகவரியைக் குறித்துப் பார்த்தேன்; காலையில் நாங்கள் அடைத்த அதே முகவரி.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் என் பாணியில் சொல்கிறேன். திருப்பதி பஸ் நிலையத்தில் கண்டக்டர் 'சித்தூர், சித்தூர்' என்று கூவினால், நாம் பஸ்ஸின் பெயரைக்கூடப் பார்க்காமல் ஏறிவிடுவோம். இன்டர்நெட்டிலும் பாதை அப்படித்தான். 'இந்த முகவரிக்கு என் வழியாகப் போகலாம்' என்று ஒரு நிறுவனம் கூவுகிறது. பக்கத்தில் இருப்பவர் நம்பி ஏறுகிறார். ஒரு முகவரியை அடைக்க நாங்கள் என்ன செய்வோம்? அது எங்களிடம் இருப்பதாக எங்கள் இயந்திரங்களுக்குள்ளேயே பொய்யாகக் கூவுவோம். நம்பி வந்ததையெல்லாம் குழியில் தள்ளிவிடுவோம். அந்தக் கூவல் நம் வளாகத்துக்குள் மட்டும் கேட்க வேண்டும். ஆனால் புது வெளிநாட்டு இணைப்புக்கு மாறியபோது, கூவல் வெளியே போகாமல் தடுக்கும் பூட்டு விட்டுப்போயிருந்தது. டில்லி நம் நாட்டுக்காகச் சொன்ன தடையை நாங்கள் கடல் தாண்டிக் கூவிக்கொண்டிருந்தோம்.

"இங்க ஆசுபத்திரி, கேம்ப் எல்லாம் அந்தப் பலகையிலதான் எழுதறாங்க" என்றார் அவர். "காலையில இருந்து ஒருத்தராலும் எழுத முடியல. எல்லாம் திருப்பதியில வந்து விழுது. தலைமுடி மாதிரி, அங்க விழுந்தா திரும்பக் கிடைக்காதில்லே?"

அந்த நிலையிலும் மனுஷன் சிரிக்க வைத்தார். நான் ரேவதியின் ஆஸ்பத்திரிப் பெயரைச் சொல்லி, அது எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"கட்டடம் நிக்குது சேச்சி. அதுக்கு மேல எனக்கு அறியில்லா. முதல்ல இதை எடுங்கோ."

என் மகள் எழுத முடியாமல் போனதற்குக் காரணம் தண்ணீராக இருக்கலாம். என் மேசைக்குப் பத்தடி தள்ளி இருந்த இயந்திரமாகவும் இருக்கலாம்.

எம்.டி.யின் அறைக்கு ஓடினேன். அவர் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்; பதறினால் அவருக்குத் தெலுங்குதான் முதலில் வரும். "ஒத்தம்மா, ஒத்து. எதையும் தொடாதே. டில்லி ஆர்டர். லைசென்ஸ் போச்சுன்னா எவரு பாத்யுலு? நீயா பொறுப்பு, நானா? எத்தனை பேரு இந்தக் கம்பெனியை நம்பி சாப்பிட்டுக்கினு இருக்காங்க?"

அவர் பயம் பொய்யான பயம் இல்லை. நான் உத்தரவை வாங்கி முதல் வரியிலிருந்து படித்தேன். அவசரத்தில் யாரும் முழுதாகப் படித்திருக்கவில்லை.

"சார், 'இந்தியாவில் இருக்கிற பயனாளர்களுக்கு'ன்னு இருக்குது. அந்த நாட்டுல இருக்கறவங்களுக்கு அடைக்கச் சொல்லி டில்லி கேக்கவே இல்ல. கேக்க அவங்களுக்கு உரிமையும் இல்ல. யாரும் கேக்காம நாம அடைச்சினு இருக்கோம்."

"அப்போ..." அவர் என்னையே பார்த்தார். "ஆர்டரை மீறினு இருக்கிறது இப்பத்தானா? எடுத்தா மீறல் இல்லியா?"

"இப்பத்தான் சார்."

"அய்யய்யோ! அப்ப எடு தல்லி, சீக்கிரம் எடு! இன்னா பாத்துக்கினு நிக்கற?"

வேணு வெளியே போன கூவலை நிறுத்தினான். திருச்சூர்க்காரரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "வந்நு சேச்சி, வந்நு" என்றார். பின்னால் யாரோ கைதட்டுவது கேட்டது.

அங்கே திறந்துவிட்டது. ஆனால் இங்கே இன்னும் மூடித்தான் இருந்தது. முனிரத்தினமும் மற்றவர்களும் வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். இதைத் தொட எம்.டி. ஒப்பவில்லை, எனக்கும் தைரியம் இல்லை. உத்தரவின் கீழே ஒரு டில்லி எண் இருந்தது. அந்த மாதிரி எண்களை யாரும் கூப்பிடுவதில்லை, நான் கூப்பிட்டேன். நாலைந்து பேரிடம் கைமாறி, கடைசியில் ஒரு அதிகாரி கிடைத்தார். அவருடைய ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒன்றையொன்று தேடிக் கண்டுபிடித்துக்கொண்டன.

"நாங்கள் ஒரு பக்கத்தின் பெயரைக் கொடுத்தோம். முகவரியை மொத்தமாக மூடச் சொன்னது யார்?" என்று கேட்டார்.

"எங்கள் வழக்கம் அது. பெயரால் மட்டும் தடுத்தால், விவரம் தெரிந்தவன் சுற்றி வந்து பார்த்துவிடுவான்."

"அந்த ஒருவனுக்காக எல்லாரையும் வெளியே நிறுத்தி வைத்திருக்கிறீர்களா?"

 பெயரால் மட்டும் தடுத்தால் போதும் என்பதை எழுதிக் கொடுக்கும்படி கேட்டேன். அவர் தயங்கினார். அப்போது என் மகளைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அது ஒரு தாய்க்குச் செய்த உதவியாகப் போயிருக்கும். அடுத்த ஊரில் அடுத்த கம்பெனிக்காரர் கேட்டால், அவருக்கு அங்கே மகள் இருக்கிறாளா என்று பார்க்க வேண்டிவரும். "சார், உங்கள் உத்தரவு சரி. நாங்கள் நிறைவேற்றிய விதம்தான் தவறு. அதைத் திருத்திக்கொள்ள அனுமதி கேட்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் ஒருவரியில் மெயில் அனுப்பினார். மற்ற கம்பெனிகளுக்கும் அதையே அனுப்பப் போவதாகச் சொல்லி வைத்தார்.

பொய்ப்படம் அடைபட்டே இருந்தது. பலகை திறந்தது.

வரவேற்பறையில் இருந்த கம்ப்யூட்டரை எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். காலை முழுக்க எழுத முடியாமல் நின்றவர்கள் அந்தப் பக்கம் ஒரே நேரத்தில் எழுத ஆரம்பித்திருந்தார்கள். பெயர்கள் மேலேறி வந்துகொண்டே இருந்தன. முனிரத்தினத்தின் மனைவிக்கு எழுதத் தெரியாது. அந்தம்மா வேலை செய்யும் வீட்டுப் பையன் ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். வேணு அதைப் படித்துச் சொன்னான். எல்லாரும் மாடியில் இருக்கிறோம், அக்கா எங்களுக்கு உப்புமா செய்து போடுகிறார்.

"உப்புமாவா?" முனிரத்தினம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "ஊட்டுல ஒருநாள் செய்யச் சொன்னா, அதை யார் துன்னுவாங்கன்னு கேக்கும்!"

ரேவதியின் பெயர் வரவில்லை. ஒவ்வொருவராக ஆட்கள் கிளம்பினார்கள். நான் என் இடத்துக்குப் போகாமல் அங்கேயே நின்றேன். வேணு நாற்காலி கொண்டுவந்து போட்டான். உட்காரத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில், பல ஊர்க் கூட்டங்களிலும், நாடுகள் சேர்ந்து பேசும் பொது அறைகளிலும், உங்கள் வகுப்பில் நடந்த அதே விவாதத்தைக் கேட்டிருக்கிறேன். எல்லாம் நாட்டின் கையில் இருக்கட்டும் என்பவர்களிடம், நம் தடை கடல் தாண்டிப் போன கதையைச் சொல்வேன். எந்த நாடும் இதில் கைவைக்கவே கூடாது என்பவர்களிடம், அந்தப் பொய்ப்படத்தைப் பற்றிச் சொல்வேன். பாகாலாவைத் தாண்டச் சிங்கப்பூர் போன மெயிலைப் பற்றியும் சொல்வேன். முதலில் அந்த அறைகளில் சித்தூர் மாவட்டத்துக்காரிக்கு என்ன வேலை என்று பார்த்தார்கள். இப்போது உங்கள் வயதுப் பிள்ளைகள் குப்பம், நாயுடுபேட்டை மாதிரி சின்ன ஊர்களிலிருந்து வந்து அங்கே பேசுகிறார்கள். சட்டம் எழுதுகிறவர்கள் குறித்துக்கொள்கிறார்கள். மெதுவாகத்தான் நகர்கிறது. ஆனால் நகர்கிறது. அன்று காலை நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

அன்று மாலையில் அங்கே கோபுரம் ஒன்றைச் சரிசெய்துவிட்டார்கள் போலிருக்கிறது. என் செல்போன் அடித்தது. கரகரவென்று சத்தம்.

"அம்மோவ்! கேக்குதா?"

"கேக்குது" என்று சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது.

"அழுதுகினு இருக்கியா? ஒண்ணும் இல்லம்மா. கீழ் வார்டு பேஷண்டையெல்லாம் தூக்கினு மேல போனோம். கால்தான் வலிக்குது. நைனாகிட்ட சொல்லிடு. அந்தப் பலகையில எழுதலாம்னு காலையில பாத்தேன், திறக்கவே இல்ல, அப்புறம் கம்ப்யூட்டர் பக்கமே போவ முடியல. எங்க கம்ப்யூட்டர் ஆளு சொல்றாரு, இந்தியாவுல எவனோ ஒரு கம்பெனிக்காரன் அடைச்சிட்டானாம். யாரும்மா அந்தப் புத்திசாலி?"

"நாங்கதான்" என்றேன்.

  அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. களைத்துப்போன, நிறுத்த முடியாத சிரிப்பு.

"அப்ப தேவலம்மா" என்றாள். "கூப்ட்டுத் திட்டறதுக்காவது ஆள் இருக்குது."